நகக்கண்

ஆசாரிப்பள்ளம். போன மின்சாரம் வந்து
நுண்நோக்கி மறுபடி கண்விழிக்கிறது.
நேசபாயின் மோதிரவிரலில்,
நகம் தோலைச் சந்திக்கும் ஓரத்தில்
ஒரு சொட்டு எண்ணெய் வைக்கிறேன்.
"தேங்காயெண்ணெயா மக்களே?"
இல்லை. ஆமென்று சொன்னேன்.

குளச்சலில் பதினாறு வருடம்
ஐஸ் பெட்டிக்குள் முங்கிய விரல்.
வெளுக்கும், நீலிக்கும்,
அப்புறம் தீப்பிடித்தது போல் சிவக்கும்.

திரையில் வரிசையாய்க் கொண்டையூசிகள்.
ஒவ்வொன்றும் ஒரு நாளம்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிவப்பணு.
வழி அணுவைவிடச் சிறியது,
எனவே தோளைக் குறுக்கி, உடம்பை மடித்து
நுழைகிறது. வெளியே வந்து நிமிர்கிறது,
யாரும் பார்க்காதது மாதிரி.

"இது எனக்க ரெத்தமா?"
"ஒங்களுதுதான்."
"இம்புட்டு மெதுவாவா போவுது!"

கொஞ்சம் அகன்ற குழாயில் வேறு ஒழுங்கு, என்றேன்.
சிவப்பெல்லாம் நடுவில் நெருக்கியடித்துப் போகும்,
சுவரோரம் நூலளவு தெளிந்த நீரை விட்டு.
அந்த நீரில் வழுக்கித்தான்
வழி ஒடுங்க ஒடுங்க ரத்தம் இளகுகிறது.
படித்த காலத்தில் நான் இதை நம்பவில்லை.
அவள் உடனே நம்பினாள்:
"ஏலம் முடிஞ்சா எங்க சந்தும் அப்பிடித்தான்.
சருவத்தோட பொம்பளைய எல்லாம் நடுவுல.
ஓரத்துல ஓடத்தண்ணி."

சிவப்பு வரிசையில் ஒரு வெற்றிடம் நகர்ந்து வந்தது.
"அதென்ன ஓட்ட?"
ஓட்டை இல்லை, வெள்ளணு. நிறமில்லாத தடியன்.
மடியத் தெரியும், அவசரப்படத் தெரியாது.
முளகுமூடு ஏற்றத்தில் தடி லாரிக்குப் பின்னால்
பேருந்துகள் தேங்குவதுபோல்
பின்னால் சிவப்பு முட்டிக்கொண்டு நிற்கும்.
வழி அகன்றதும் ஒவ்வொன்றாய் முந்தும்,
முந்துகிற சாக்கில் அதைச் சுவருக்குத் தள்ளும்.
அதற்கும் அதுதான் வேண்டும்.
சுவரைத் தொட்டுத் தொட்டு உருளும்,
எந்த வாசலுக்குள் காய்ச்சல் என்று.

"குழுக்காசு பிரிக்க வாற பய," என்று சிரித்தாள்.
"வெள்ளிக்கெழமை வருவான்.
ஆளிருக்கா இல்லியான்னு செவரத் தொட்டே சொல்லிப்போடுவான்."

நாளம் இரண்டாய்ப் பிரியும் இடத்தில்
வேகமான கிளைக்குப் பங்குக்கு மேலே சிவப்பு,
மெதுவான கிளைக்குச் சில நேரம் வெறும் நீர்.
இதை நான் சொல்லவில்லை.
அவளே ஒரு கொண்டையூசியைக் காட்டினாள்.
"இதுல ஆளே போவலியே."

பிறகு குளிர் சோதனை. கிண்ணத்தில் ஐஸ்.
கேட்குமுன் கையை இறக்கினாள்,
வேலைக்கு வந்தவள் போல.

துடைத்து, மறுபடி எண்ணெய்.
திரை வெளிறிக் கிடந்தது.
இருந்த கொஞ்சமும் நின்ற இடத்தில் நின்றது.
வெளியே டோக்கன் கூப்பிட்டார்கள், நூற்றிநாற்பது, நூற்றிநாற்பத்தொன்று.
ஓட்டம் நின்ற நேரத்தை
நான் நொடிக்கணக்கில் எழுத வேண்டும்.

இடமிருந்து மூன்றாவது வளைவில்
ஒன்று தோளைக் குறுக்கியது.

"போ பிள்ளே," என்றாள் நேசபாய்,
திரையிடம், ரொம்ப மெதுவாக.

நொடியைப் பார்க்க மறந்திருந்தேன்.
ஐம்பதுக்கு மேல் என்று எழுதினேன்.