ஆவாரந்திடல் துறை

பதினோரு நாள் மழை.
பெரிய கண்மாயும் தாமரைக் கண்மாயும்
நடுவில் கிடந்த ரோட்டைத் தின்றுவிட்டு
ஒரே கண்மாயாகப் படுத்திருந்தன.
தரைப்பாலம் போனதால் டிராக்டரும் போகாது.
ஆவாரந்திடலில் எழுபத்திரண்டு மீட்டர் இருக்கிறது,
பத்தாம் தேதிக்குள் ரீடிங் வேண்டும் என்றது ஆபீஸ்.
கரண்டே இல்லையே சார் என்றேன்.
இல்லை என்பதையும் எழுதி வா என்றார்கள்.

தொண்டியிலிருந்து லாரியில் வந்திருந்த பைபர் படகு.
நாலு பால் கேன், ஒரு பெட்டி சுகர் மாத்திரை, நான்.
ஓட்டியவர் செய்யது இபுராம்சா,
கடலில் முப்பது வருசம்.
விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.
உப்பில்லாத தண்ணியை
எப்படி நம்புறது என்றார்.

ரோட்டின் மேலேயே போனோம்.
தெளிந்த இடங்களில் கீழே வெள்ளைக்கோடு.
காரைக்குடி 14 என்ற கல்லின்
மஞ்சள் தலைமேல் நின்று ஒரு நீர்க்காகம்
சிறகைக் காயப்போட்டிருந்தது.
படகின் வயிறு திடீரென்று உரசியது.
"பாறையா?"
"வேகத்தடை பாய். பள்ளிக்கூடம் வருது."
அவர் சிரிக்கவில்லை.
மெதுவாகத்தான் போனார்.

முதலில் விசில்தான் கேட்டது.
பிறகு தண்ணீருக்கு மேலே
பயணியர் நிழற்குடை,
பெஞ்சு வரை முங்கி,
நன்கொடையாளர் பெயர் மட்டும் நனையாமல்.
அதன் தூணில் கட்டிக் கிடந்தன
வாழைத்தண்டுத் தெப்பம் மூன்று,
பாதியாய் அறுத்த தண்ணித்தொட்டி ஒன்று,
கல்யாணச் சமையல் அண்டா ஒன்று,
காதில் கயிறு போட்டு.
கரிக்கட்டையால் யாரோ எழுதியிருந்தார்கள்:
துறைமுகம்.

விசில் ஊதியவர் சோலைமுத்து,
மினிபஸ் கண்டக்டர்.
கடைசி டிரிப்பில் வந்து
பஸ்ஸோடு மாட்டிக்கொண்டவர்.
இடது பக்கம் வா, நேரா வா, ஓல்டான் என்று
படகைப் பின்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார்.
எனக்கு ஒரு டிக்கெட் கிழித்தார்.
எதற்கு என்றேன்.
"இறங்குறதுக்கு."

ஊரைச் சுற்றி வர இருபது நிமிசம்.
இதற்குமுன் யாரும் சுற்றியதில்லையாம்;
சுற்றுவதற்கு ஓரம் என்று ஒன்று
ஊருக்கு இருந்ததில்லை.
இப்போது நாலு கரை, நாலுக்கும் பேர்.
பஞ்சவர்ணத்தின் கொல்லைப்புறம்
கீழக் கடற்கரை ஆகிவிட்டது.
பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி
அலை வருமென்று நின்ற
இரண்டு பெண்பிள்ளைகளுக்காக
அவள் ஒரு குடத்தால்
தண்ணீரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பூட்டிக் கிடந்த பெரிய வீடு திறந்திருந்தது.
முதல்கட்டு முழுக்க ஊர் ஆடுகள்,
தூணுக்கு மூன்றாய்.
பூத்தரை வழுக்கி ஒரு கிடாய்
நாலு காலையும் நாலு திசைக்கு அனுப்பிவிட்டு
எங்களையே பார்த்தது.
சிங்கப்பூரிலிருந்து மெய்யப்பன்
போனில் கட்டைவிரல் காட்டிவிட்டாராம்.
வீட்டுக்குப் பார்வைக்காரன் கேட்டான்,
இந்த ஆடுகளுக்கு எந்த டாரிப் சார்?

எழுபத்தொரு மீட்டர் எழுதினேன்.
எழுபத்திரண்டாவது பெட்டிக்குள் தவளை.
எண்ணை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது,
நகர மனசில்லாமல்.
'கதவு பூட்டு' என்று போட்டேன்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது.
நிழற்குடையின் நடுத்தூணை
இபுராம்சா நெடுநேரம் பார்த்தார்.
அதில் ஒரே ஒரு கோடு,
தண்ணீர் நிற்கும் உயரத்தில் நேற்று போட்டது.
"இதுக்கு ஏத்தம் வத்தம் கிடையாதா?"
"உண்டு பாய்," என்றார் சோலைமுத்து.
"ஏறி இருக்கு.
போன தடவை ஏறினப்ப
நான் வேலைக்கே சேரலை."

கேன்கள் காலியாக ஏறின.
கூடவே வைக்கோல் கட்டு ஒன்று,
பிரசவத்துக்குப் போகிற சிகப்பி,
அவள் மாமியார், ஒரு ஒயர்கூடை.
மாமியார் கேட்டாள், காரைக்குடி போகுமா?
சோலைமுத்து படகை இரண்டு முறை தட்டி
ரைட் என்று இரண்டு விசில் கொடுத்தார்.

காற்றையும் நட்சத்திரத்தையும் கேட்டே
இத்தனை வருசம் கிளம்பிய மனுசன்
ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.
பிறகு கியரைத் தேடுவதுபோல்
இடது கையைக் கீழே கொண்டுபோனார்.