முருகுதுமு

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே
ஜவுபர் நானாவின் கொமினிகேசன்.
கொழும்பில் யாரோ கைகழுவிய மடிக்கணினி.
அதன் முன்னே நான்,
காலை எட்டரை தொட்டு
கடைசி பஸ் இறங்கிப் போகும் வரை.

இந்தக் கணினிக்கு வாய் நீளம்.
கேப்ஸ் லொக்கை அமுக்கினால்
திரையின் நட்டநடுவில் கறுப்புப் பெட்டி:
பூட்டியாச்சு.
மறுபடி அமுக்கினால் மறுபடி பெட்டி:
திறந்தாச்சு.
பூட்டியது நான்,
திறந்தது நான்.
என் வீட்டுச் சண்டையை
எனக்கே வந்து சொல்லும்
எதிர் லயத்துச் சின்னத்தாயி மாதிரி
மூன்று செக்கன் நின்று,
அடித்த வரியை மறைத்து,
பிறகு ஆறுதலாகப் போகும்.

பாமினியில் தமிழ் அடிக்கிறவளுக்கு
ஷிப்டில்தான் சீவியம்.
கு, மு, து, ரு,
எல்லாம் சுண்டுவிரலின் கூலி.
வார்த்தை வராத நேரம்
அதே விசையைச் சும்மா தட்டுவது என் பழக்கம்.
ஐந்தாவது தட்டில்
டொய்ங்.
'ஒட்டும் விசைகளை இயக்கவா?'
வாங்கில் தூங்கிய கிழவர் எழும்பி
பஸ் வந்துட்டுதா என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அடைமழை.
கடையில் ஆள் இல்லை.
ஒவ்வொரு கதவாகத் தட்டி உள்ளே போய்
சத்தத்தை அணைத்தேன்.
கேள்வியை அணைத்தேன்.
கறுப்புப் பெட்டியை அதன் வேரோடு நிறுத்தினேன்.
பிறகு
தகரம் மட்டும் பேசியது.
இரண்டு நாள் ராணி மாதிரி இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள்,
மேற்பிரிவிலிருந்து, சொப்பிங் பையைத் தலையில் கவிழ்த்தபடி.
பேர் மரகதம்.
பிறப்புச் சான்றில் மறகதம்.
அடையாள அட்டையில் மரகதன்.
ஈ.பி.எப். கடிதத்தில் மாரகத்தம்மா.
மூவரும் ஒருத்திதான் என்று
சத்தியக் கடதாசி வேண்டும்.
சமாதான நீதவான்
மூன்று மணிக்கு எழும்பிவிடுவார்.

கண் கடதாசியில், விரல் விசையில்.
அட்டை இலக்கத்தின் கடைசி 'வீ'க்காகப்
பூட்டைப் போட்டேன்.
எழுத்துருவை மாற்றினேன்,
பூட்டை மறந்தேன்.
யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அச்சில் வந்த தாளை
மரகதம் வாங்கி
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
முப்பத்தொரு வருசம்
கணக்கப்பிள்ளையின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று
செக்ரோலில் தன் பேரைப் பார்த்த பார்வை அது.
"எம் பேருக்கு இம்புட்டு வாலு கெடையாதே புள்ள."

நிமிர்த்தி வாசித்தேன்.
கையெழுத்து வைக்கும் இடத்தில்
முருகுதுமு.
கடைசி மு-வின் தலையில்
வெட்கமில்லாமல் ஒரு புள்ளி.

அவள் சிரித்த சிரிப்பில்
பையிலிருந்த மழை தரையில் கொட்டியது.
"நாலாவது ஆளும் வந்துட்டா.
அவளுக்கும் ஈ.பி.எப். கெடைக்குமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மூன்று கந்தோர், மூன்று மேசை.
பேனா அவள் பேரில் வழுக்கியபோது
ஒரு மேசையிலும்
டொய்ங் என்று எதுவும் கத்தவில்லை.

திருத்தி அடித்தேன்.
ஒவ்வொரு எழுத்தாக அவளிடம் காட்டினேன்,
தலைகீழாக.
மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க
குடையைக் கொடுத்து ஓடச் சொன்னேன்.
குடை இன்னும் வரவில்லை.

கறுப்புப் பெட்டியை மறுபடி வைத்திருக்கிறேன்.
சத்தத்தை வைக்கவில்லை;
அவ்வளவு திருந்தவில்லை நான்.

பழுதான தாளின் பின்பக்கத்தில்
போட்டோகொப்பி விலை எழுதி
ஜவுபர் நானா கதவில் ஒட்டினார்.
காற்றடிக்கும் நாட்களில் அது புரளும்.
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்:
யாரு தங்கச்சி
இந்த முருகுதுமு?