கதிரை

மூதூர் லோஞ்சுக்குப் பதினொரு வருடம்
பயணச்சீட்டுக் கிழித்தவன் நான்.
ஏற்றாமல் விட்ட ஆட்களின் கணக்கு
அந்தப் புத்தகங்களில் இல்லை.

பாஸ் இல்லாதவரை ஏற்றாதே என்ற கட்டளை
முதலில் ரெலிபோனில்தான் வந்தது.
கரகரத்த குரல், இடையிடையே இரைச்சல்.
"ஓம் சேர்" என்று வைத்துவிட்டு
மீன்பெட்டியோடு நின்ற இரண்டு பேரையும்
காய்ச்சல்காரப் பிள்ளையொன்றையும்
பின்பக்கத்தால் ஏற்றிவிட்டேன்.
அன்றைக்கு நான் நல்லவன்.
இரவு ஒரு ரொட்டி கூடுதலாய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை சேரே வந்தார்.
கதிரையொன்று கேட்டார்.
என் முதுகுக்குப் பின்னால், மூன்றடியில்,
கால்மேல் கால் போட்டு இருந்தார்.
கோபக்காரரில்லை. ஒன்றும் பேசவுமில்லை.
கச்சான் கோது உடைபடும் சத்தம் மட்டும்
என் பிடரியில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெய்னம்பு என்று பெயர் சொன்னாள்.
ஆஸ்பத்திரித் துண்டைக் கம்பிக்குள்ளால் நீட்டினாள்.
ஐஸ் போட்ட ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்
தோப்பூரில் படுத்திருக்கும் புருஷனுக்கு ஊசிமருந்து.
"ஐஸ் கரையுது தம்பி" என்றாள்.
நான் துண்டைப் பார்த்தேன்.
துண்டில் இருந்த முத்திரையைப் பார்த்தேன்.
அவளைப் பார்க்கவில்லை.
"பாஸ் இல்லாம ஏலாது."
சொன்னது என் வாய்தான்,
குரல் ரெலிபோனுடையது.

லோஞ்சு போய்விட்டது.
போத்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் மேசையில்
உட்துறைமுகத்தின் வரைபடம்போல் கிடந்தது.
சேர் உள்ளங்கையை நீட்டினார்.
எடுத்துத் தின்றேன்.
நன்றாக வறுத்த கச்சான்.

இதைக் கேளுங்கள்:
மறுநாள் சேர் வரவில்லை.
அதற்கடுத்த நாளும் இல்லை.
கதிரை மட்டும் இருந்தது.
அந்த வெறுங்கதிரைக்குப் பயந்து
பதினாறு பேரைத் திருப்பி அனுப்பினேன்.
கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான்கள்
கடதாசி மென்றபடி காவலரணைக் கடந்து போயின.
அவற்றிடம் பாஸ் கேட்க
யாருக்கும் கட்டளை வந்திருக்கவில்லை.
வந்திருந்தால், கேட்டிருப்பேன்.

நான்காம் நாள் எஞ்சின்காரன் டன்ஸ்டன்
குளித்துவிட்டு வந்து
ஈரத் துவாயைக் கதிரையில் காயப்போட்டான்.
"நிக்கிற சனத்தை ஏத்து.
இல்லாட்டி நான் ஸ்டார்ட் பண்ணமாட்டன்."
அவ்வளவுதான் சொன்னான்.
கதவு திறந்துகொண்டது.
"நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்றேன்.
யோசிக்கவில்லை.
துவாயிலிருந்து சொட்டுவதைத்தான்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரே மாதம். ஒரே சட்டை. ஒரே சம்பளம்.
இதில் எவன் நான் என்று
மனைவியிடம் கேட்டேன் ஒருநாள்.
"கறிக்கு உப்புக் காணுமோ பாருங்கோ" என்றாள்.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன.
ஜெய்னம்புவின் புருஷன் என்னவானான்?
தோப்பூருக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் காணும்.
இன்னும் போகவில்லை.

நேற்று ஓய்வூதியக் கந்தோரில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பொடியன்
என் படிவத்தைத் தள்ளிவிட்டு
"ஏலாது ஐயா" என்றான்.
எனக்கு அவனில் கோபம் வரவில்லை.
எட்டி, அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன்,
கதிரை எத்தனை அடியில் கிடக்கிறதென்று.