இரண்டாம் பால்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பெயின்ட் கடைக்காரர் விரித்த அட்டையில்
ஒட்டி ஒட்டி இரண்டு சதுரங்கள்.
ஒன்றுக்கு ஐவரி என்று பேர், மற்றதற்கு லினன்.
அந்தப் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை.
தேங்காய் பிழிகிறவளுக்குத் தெரிந்தபடி வைத்துக்கொண்டேன்:
இது தலைப்பால். அது இரண்டாம் பால்.

இப்போது அருமனையில், படுக்கையறைச் சுவரில்,
சன்னலுக்கு இடதும் வலதுமாய்
சொளவு அகலத்துக்கு இரண்டும் காய்கின்றன.
ரசலையன் சாயா குடிக்கப் போயிருக்கிறார்.
பதினோரு மணிக்குள் சொல்ல வேண்டும்.

ரப்பர் மரங்களின் இடையே வெயில் ஏறியபோது
தலைப்பாலில் கொஞ்சம் பச்சை கலந்தது.
இரண்டாம் பால் சும்மா இருந்தது,
தோலுரித்துவிட்டு ஒரு மணிநேரம் மறந்துபோன
மரச்சீனி மாதிரி.
பிறகு மழை மூடியது.
தலைப்பால் மஞ்சளானது. மற்றது
சாம்பல் வரைக்கும் போய்
சாம்பலாகாமல் நின்றது.
ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும் ஊர்.
இங்கே வெயிலை நம்பி நிறம் எடுக்க முடியாது.

சலாலாவுக்கு போட்டோ அனுப்பினேன்.
டென்சிங் குரல் அனுப்பினான்:
"ரெண்டும் ஒண்ணு போலத்தானே கெடக்கு?
ஏதாவது ஒண்ண அடிக்கச் சொல்லு.
பின்ன, கிறிஸ்மசுக்கு வரப் பாக்கேன்."

போன மாசம், வாறேன் என்றான்.

வாறேன்.
வரப் பாக்கேன்.
அட்டையில் அடுத்தடுத்த சதுரங்கள்தான்.
பேரை மறைத்துவிட்டால்
கடைக்காரருக்கே அடையாளம் தெரியாது.
நான் பகல் முழுக்க இந்த அறையில் இருக்கிறவள்.

"எதுன்னு முடிவாச்சா?" என்றார் ரசலையன்,
பீடி வாசத்தோடு உள்ளே வந்து.
"இரண்டாம் பால்" என்றேன்.
அவர் முழித்தார்.
சன்னலுக்கு வலப்பக்கம் கையை நீட்டினேன்.

உருளை இரண்டுதரம் ஏறி இறங்கியதில்
தலைப்பால் இருந்த இடம் தெரியவில்லை.
ஆனால் ஈரச்சுவர் மொத்தமும்
தலைப்பாலாகவே தெரிந்தது எனக்கு.
"நம்பர் மாறிப்போச்சோ?"
டின்னைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டை
வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். சரியான நம்பர்தான்.
"காயட்டும். பொறவு சொல்லு."

ஃபேனை ஐந்தில் வைத்தேன்.
சுவரைப் பார்த்தபடியே
அந்தக் குரலை இன்னொரு தடவை போட்டேன்.
ஃபேன் இரைச்சலில் கடைசி வார்த்தை
சரியாகக் கேட்கவில்லை.
ஃபேனைக் குறைக்கவில்லை.