பதிலாள் படிவம்

செந்தூல் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
தபால் பெட்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே
மடக்கு மேசை போட்டு
என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.
எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

நிர்வாகக் குழுத் தேர்தல்.
ஒன்பது மணி என்றால் பத்தேகால்.
முன்னால் இரண்டு பட்டியல்:
வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஒன்றில்,
அவர்களில் பாக்கிக்காரர்கள் இன்னொன்றில்.
இரண்டாவதுதான் நீளம்.

விதி எளிது.
வீடு உன் பெயரில் இருக்கவேண்டும்.
பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு சென்னும் நிற்கக் கூடாது.
அதையும் ஏழு நாள் முன்னாலேயே கட்டியிருக்கவேண்டும்.

மூன்றாம் மாடி மரியசூசை
நேற்றைய ரசீதை நீட்டுகிறார்.
"தண்ணித் தொட்டிக்குள்ள செத்துக் கிடந்த புறாவ
எடுத்தவன் நான்தான்மா" என்கிறார்.
தெரியும்.
ஒரு வாரம் நாங்கள் எல்லாரும் குடித்த தண்ணீர் அது.
பட்டியலில் புறாவுக்குக் கட்டம் இல்லை.
"உட்காரலாம் அங்கிள், பேசலாம்,
கை மட்டும் தூக்கக் கூடாது."
இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு
கடைசி நாற்காலிக்குப் போனார்.

காக் ரொஹாயா பினாங்கில் வளர்ந்தவர்.
கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொல்கிறார்:
ஜார்ஜ்டவுனில் ஒரு காலத்தில்
சாக்கடைக்குக்கூட ஓட்டுப் போட்டார்களாம்,
அவருடைய அப்பா அதற்கென்றே சட்டையைத் தேய்ப்பாராம்.
இங்கே டத்தோ பண்டார்
மழை மாதிரி, மேலிருந்து வருகிறவர்.
நாடாளுமன்றத்துக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான் இந்த ஊருக்கு.
கோம்பாக்கில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டு.
குப்பை லாரி ஏன் வரவில்லை என்று
இரண்டில் எதுவும் கேட்பதில்லை.

எனக்கு இந்த ஊரில் அந்த ஒன்றும் கிடையாது.
பதினேழு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன்.
இந்த வீடும் நிலைக்குமோ என்னவோ என்று
ஐ.சி.யில் முகவரியை மாற்றாமலே விட்டேன்.
அதில் இன்னும் சித்தியவான், கதவு எண் இருபத்தெட்டு.
அந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள்.
பொதுத்தேர்தல் வந்தால் பஸ் ஏறிப் போய்
ஒரு கார் கழுவும் கடையின் வாசியாக
விரலில் மை வைத்துக்கொண்டு திரும்புகிறேன்.

ஆனால் இன்று,
பட்டியலுக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது.
வீட்டுக்காரர் லியோங் பெர்த்தில் இருக்கிறார்.
கையெழுத்திட்டு அனுப்பிய படிவத்தை
வியாழக்கிழமையே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.
4-11-7, உரிமையாளர் வர இயலாமையால்
பதிலாள்: கோகிலவாணி த/பெ அரியமுத்து.
கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி:
யாருக்கு வேண்டுமானாலும் போடு,
கட்டணத்தை ஏற்றுகிறவனுக்கு மட்டும் வேண்டாம்.

என்னை நானே சோதிக்கவேண்டியதாயிற்று.
என் ஐ.சி.யை எடுத்து எண்ணைப் பார்த்து
என் பெயருக்கு நேரே டிக் போட்டேன்.
கொஞ்சம் அழுத்தமாகவே.

இரண்டு அணி நின்றது.
ஒன்று, மாதம் பன்னிரண்டு வெள்ளி கூட்டி
லிப்ட்டைப் பழுது பார்ப்போம் என்றது.
இன்னொன்று ஏற்ற மாட்டோம் என்றது,
லிப்ட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
நான் குடியிருப்பது பதினொன்றாம் மாடி.
லியோங் அந்த லிப்ட்டில் கடைசியாக ஏறியபோது
அதில் கண்ணாடி இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள்.
கை என்னுடையது.
ஓட்டு அவருடையது.
இரண்டுக்கும் நடுவே ஒரு முழங்கை தூரம்,
அங்கே கொஞ்ச நேரம் நின்றது கை.
பிறகு மேலே போனது.

முப்பத்தொன்று, இருபத்தொன்பது.
நிமிடக் குறிப்பின்படி
பெர்த்துக்காரருக்கு லிப்ட் வேண்டுமாம்.

நாற்காலிகளை மரியசூசைதான் அடுக்கினார்.
அதற்கு யாரும் பாக்கி பார்க்கவில்லை.
பழுது பார்க்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.
மேசையை மடக்கி வைத்துவிட்டுப் படி ஏறினேன்.
ஏழாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்து
கைப்பேசியைத் திறந்தேன்.
"கூட்டம் நல்லபடியாக முடிந்தது மிஸ்டர் லியோங்" என்று எழுதினேன்.
அடுத்த வரிக்கு
இன்னும் நாலு மாடி இருந்தது.