கழுகுப் பக்கம்

கோஸ்லர் நாணயச்சாலை, 1529

சந்தைக் கோயிலிலிருந்து மாதாவை இறக்கிய அன்று
நான் கொப்பரை முன்னால் நின்றிருந்தேன்.
ஒயின் பீப்பாயின் அடியில் படிந்த உப்பைக் கரைத்துக்
கொதிக்கவைத்து
வெட்டிய வில்லைகளைக் கொட்டிக் கிளறுவது
என் வேலை.
கறுத்து உள்ளே போகும்
வெளுத்து வெளியே வரும்.
மேலே வெள்ளி, உள்ளே செம்பு.
அதற்குப் பெயர் நாணயம்.

தச்சர்கள் நால்வர் கயிறு கட்டி இறக்கினார்களாம்.
படியில் இடித்து மூக்கு போய்விட்டதாம்.
லூடெக்கே ஓடிவந்து சொன்னான்,
அச்சு வெட்டுகிறவன்.
'இந்த மாதம் மட்டும் பதினோரு தடவை
வெட்டியிருக்கிறேன் கெஷே, அந்த மூக்கை.
இனி எதை வெட்ட?'

நகரசபை மூன்று மெழுகுவத்தி உருகும்வரை பேசியது.
பொருளாளர் கடைசியில் எழுந்தார்:
ஹில்டஸ்ஹைம் கசாப்புக்காரனுக்கு
எழுத்துத் தெரியாது.
சுற்றிலும் கதிர், நடுவில் பெண், இடுப்பில் பிள்ளை
இருந்தால் மாட்டை அவிழ்த்துக் கொடுப்பான்.
இல்லையென்றால் தராசு கேட்பான்.

அவ்வளவுதான்.
கோயிலில் செல்லாதவள்
சந்தையில் செல்லுவாள் என்று
முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

லூடெக்கே மறுபடி உளியை எடுத்தான்.
டோனியெஸ் சம்மட்டியை எடுத்தான்.
மாலைக்குள் ஆயிரம் மாதாக்கள்
ஈரத்தோடு
என் சல்லடையில்.

அச்சு தேயும்போது
முதலில் பிள்ளையின் முகம் போகும்.
பிறகு மூக்கு.
கதிர்கள் மட்டும் கடைசிவரை நிற்கும்,
ஏனென்று லூடெக்கேவுக்கும் தெரியாது.

மூன்று மாதத்துக்கொருமுறை
புதுப் பிரசங்கியாருக்குச் சம்பளம்.
பையைக் கொண்டுபோகிறவள் நான்.
ஹெர் குவிர்ரே நல்ல மனிதர், இருமல்காரர்.
ஒவ்வொரு காசாக எடுத்துக்
கழுகுப் பக்கம் மேலாகப் புரட்டி வைத்து
எண்ணுவார்.
அவரிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.
என் கூலியும் அந்தப் பையிலிருந்துதான்.

இந்த முறை ஒன்று நழுவிவிட்டது.
கல்தரையில் விளிம்பால் ஓடி,
சுழன்று,
படுக்க மனமில்லாமல் வெகுநேரம் சுழன்று,
அடுப்படியில் போய்ப் படுத்தது.
மாதா பக்கம்.

அவர் என்னைப் பார்த்தார்.
என் கைகளில் பை இருந்தது.
பை கனமாகத்தான் இருந்தது.

மேசையைப் பிடித்துக்கொண்டு
முதலில் வலது முழங்கால்,
பிறகு இடது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வெளியே யாரோ
ஒரு வண்டி விறகு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
எந்தக் காடு என்று கேட்கவேண்டும்,
கொப்பரைக்கு ஈரவிறகு ஆகாது.