ரசமட்டம்

"குடிப்பாரா?" என்று கேட்டேன்.
"எப்பவாச்சும். நல்லநாள் பெரியநாள்னா"
என்றாள் அஞ்சலாட்சி.
எப்போதாவது
என்று கேஸ் ஷீட்டில் எழுதியது என் கை.
அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று ஸ்ட்ரெச்சர்.

சாவடியில் கட்டுகிற கல்யாண மண்டபத்தின்
இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார்.
தனவேல், வயது நாற்பத்தாறு,
இடது தொடையெலும்பு.
காலில் பட்டை சுற்றிக் கயிறு கட்டி
கட்டிலுக்கு வெளியே
எடையைத் தொங்கவிட்டோம்.
முதல் நாள் சாது.
மறுநாள் சோறு வேண்டாம் என்றார்.
வேர்வை. விரல் நுனியில் ஒரு அதிர்வு.
வலி என்று நினைத்தோம்,
வலிக்கு ஊசி போட்டோம்.

மூன்றாம் ராத்திரி, ஒன்றரை மணி.
எடையைக் காட்டிக் கூப்பிட்டார்:
"தூக்குக்குண்டு ஆடுது பாருங்க.
செவரு வெளிய தள்ளுது.
சித்தாளு எங்க? கலவை இறுகுது."
கரண்டி இல்லாத கை
காற்றைப் பூசியது.
பூசி முடித்துப் போர்வையில்
எறும்பு பொறுக்க ஆரம்பித்தது.
வெள்ளைப் போர்வை. எறும்பு இல்லை.
எதிர்க்கட்டில் பையன் போனில் படமெடுத்தான்.
பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

நாடி நூற்று முப்பது.
"இது எந்த ஊருண்ணே?"
"பாகூரு."
"என்ன கெழம?"
"சம்பளம்."
"நான் யாரு?"
"இவ்ளோ நேரம் எங்க போன, மணல் சலிக்காம?"

கையை நீட்டச் சொன்னேன்.
ரசமட்டத்துக் குமிழி
நடுவில் நிற்காமல்
இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஓடியது
பத்து விரலிலும்.

வராந்தாவில், பினாயில் வாளிக்குப் பக்கத்தில்,
அஞ்சலாட்சி சொன்னாள்:
"விடியக்காலம் கன்னியக்கோயில் போயிட்டுத்தான்
வேலைக்கே போவாரு. ஆத்துக்கு அந்தாண்ட வெல கம்மி.
அது இல்லாம சாரத்துல கால் நிக்காதும்பாரு.
அன்னிக்கு பஸ்சு கெடைக்கல.
அதான் விழுந்துட்டாரு.
சொன்னா காப்பீட்டுல வெட்டிடுவாங்கன்னு
காண்ட்ராக்டரு சொன்னாரு."
துண்டில் சுற்றிய குவார்ட்டர் ஒன்றைப்
பையிலிருந்து எடுத்தாள்,
பச்சைப் பிள்ளையை எடுப்பது போல.
"ஒரு மூடி ஊத்துனா அடங்கிடும் சிஸ்டர்.
எனக்குத் தெரியும்."
அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.
பதினெட்டு வருஷமாய் வீட்டுக்குள்
இதே வார்டை, இதே நைட் டியூட்டியை,
மருந்தும் ஆளும் இல்லாமல் பார்த்தவள்.

தூக்கம் ஒட்டிய கண்ணோடு
ஹவுஸ் சர்ஜன் ஓடி வந்தார்.
"லோராசிபாம்" என்றார். "மெதுவா."
"தயமின் மொதல்ல டாக்டர், அப்புறந்தான் குளுக்கோஸ்."
தெரியும் என்றார், தெரியாத குரலில்.
கையைக் கட்டக் காடாத்துணி கொண்டுவந்தாள் பரிபூரணம்.
கட்டாதே, பிடித்துக்கொள் என்றேன்.
பிடித்துக்கொண்டாள்,
குடிக்கிற ஆம்பிளைகள் எல்லாரையும்
பேர் பேராய் வைதபடி,
விடியும்வரை விடாமல்.
நான் மூச்சை எண்ணினேன்.
மருந்து குறைந்தால் இழுப்பு வரும்,
கூடினால் மூச்சு நிற்கும்.
நடுவில்தான் எங்கேயோ நிற்க வேண்டும் குமிழி.

நாலரைக்கு அவர் தூங்கியதும்
கேஸ் ஷீட்டை எடுத்தேன்.
எப்போதாவது.
ஒரே கோடாய் அடித்துப் பக்கத்தில்
தினமும் என்று எழுதி
தேதி, நேரம், கையெழுத்து.
அடித்த சொல்லும் வாசிக்கத் தெரிய வேண்டும்,
அதுதான் விதி.
தெரிகிறது.

ஆறாம் நாள்.
"இது எந்த ஊருண்ணே?"
"கடலூரு. மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி."
கிழமையை யோசித்தார், வரவில்லை.
கட்டிலுக்கு மேல் விரிசல் கண்ட சுவரையே பார்த்தார்.
"எவன் பூசுனது இது?
சரியா தண்ணியே காட்டல. அதான் வெடிச்சிருக்கு."
அஞ்சலாட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
எனக்கும் வந்தது.

குவார்ட்டர் இன்னும்
மருந்து அலமாரியில்தான் இருக்கிறது,
லோராசிபாமுக்குப் பக்கத்தில்.
சாவியை வாங்கிய ஜெபமணி
இதை ஸ்டாக் நோட்டில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள்.
வாசலில் பாண்டிச்சேரி பஸ்
கன்னியக்கோயில், கன்னியக்கோயில் என்று
ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.